மலையின் வயிற்றில் ஒரு வானம்: தாவோ நெறியின் குகைவானகங்கள்

சீனத்தின் பழைய சமயநெறிகளில் ஒன்றான தாவோ நெறியைச் சேர்ந்தவர்கள் மலைகளைப் புனிதமாகக் கருதினார்கள் என்று கேட்டுத் தமிழ் வாசகர் எவரும் வியப்படைய மாட்டார். மலையும் குகையும் தவமும் சேர்ந்தே வரும் என்பது நமக்குப் பழகிய செய்திதான். ஆனால் அந்தப் புனிதம் மலையின் எந்த இடத்தில் குடிகொண்டிருக்கிறது என்று கேட்டால், இடைக்காலத்துத் தாவோ நூல்கள் நாம் எதிர்பாராத விடையைத் தருகின்றன. மலை உள்ளே கூடாக இருக்கிறது; அந்தக் கூட்டுக்குள் ஒரு முழு உலகம் இருக்கிறது; அவ்வுலகத்துக்கென்று தனியே வானமும் வெளிச்சமும் நீரும் மரமும் மாளிகைகளும் உண்டு; சாவைக் கடந்த மனிதர்கள் அங்கே வாழ்கிறார்கள், படிக்கிறார்கள், பதவி வகிக்கிறார்கள் என்று அவை சொல்கின்றன. சீன மொழியில் தோங்தியென் எனப்படும் இந்த உள்ளுலகத்தை இக்கட்டுரையில் குகைவானகம் என்று அழைப்போம்.

முதலில் அந்த மனிதர்கள் யார் என்று பார்க்க வேண்டும். சீனர் அவர்களைச் சியென் என்கிறார்கள். சியென் பிறவியிலேயே தெய்வமானவர் அல்லர். இறந்தபின் ஆவியாக அலைபவரும் அல்லர். எல்லோரையும் போலத் தாய் வயிற்றில் பிறந்து, உணவுக் கட்டுப்பாடு, மூச்சுப் பயிற்சி, மூலிகை, தாதுக்களைப் புடம்போட்டுச் செய்த மருந்து, தியானம், நல்லொழுக்கம் ஆகியவற்றால் உடம்பைச் சிறுகச் சிறுக மாற்றிக்கொண்டு மூப்பையும் சாவையும் தாண்டியவர். இந்த இடத்தில் சித்தர்களும் காயகற்பமும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. போகரைச் சீனத்தோடு இணைத்துப் பேசும் மரபும் தமிழில் உண்டு. ஆயினும் அந்த ஒப்புமையை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. சியென்களின் உலகம் சீனப் பேரரசின் ஆட்சித் துறைகளைப் பார்த்து வார்த்தது போன்றது. அதில் படிநிலைகள் உண்டு, பதிவேடுகள் உண்டு, தேர்வும் பதவி உயர்வும் உண்டு. சாகாநிலை பெறுவது என்பதே வானகத்தின் பதிவேட்டில் பெயர் ஏறுவதுதான்.

இந்தப் படிநிலையைத் தெளிவாக வகுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர் தாவோ நெறி எழுத்தாளரான கே ஹோங் (283–343). அவர் காட்டும் பிரிவுகள் மூன்று. உயர்ந்தவர்கள் உடம்போடு மேலெழுந்து வானத்தில் கலக்கிறார்கள். அவர்கள் வானகச் சியென்கள். நடுத்தரத்தார் புகழ்பெற்ற மலைகளில் உலவுகிறார்கள். அவர்கள் மண்ணுலகச் சியென்கள். கடைநிலையினர் முதலில் இறந்துபோவது போலத் தோன்றி, சிள்வண்டு தோலை உரித்துப்போடுவது போல உடலை விட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களுடைய சவப்பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு கைத்தடியோ, உடையோ, வாளோதான் இருக்கும் என்று பல கதைகள் கூறுகின்றன. மலைகளைப் பற்றிப் பேசும் நமக்கு இவற்றில் நடுப்பிரிவே முக்கியமானது. வானத்துக்குப் போகும் தகுதி இருந்தும் போகாமல் மலையிலேயே தங்கிவிட்டவர்களும் இதில் அடக்கம்.

அத்தகையவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் வெண்கல் ஐயா என்று அறியப்படுபவர். கே ஹோங்கின் பெயரில் வழங்கும் சியென்களின் வரலாற்றுத் தொகுப்பில் அவர் கதை இருக்கிறது. வெள்ளைக் கற்களை வேகவைத்து உண்டு வாழ்ந்ததால் அவருக்கு அந்தப் பெயர். வானத்துக்கு ஏறிச்செல்லும் மருந்தை ஏன் உண்ணவில்லை என்று அவரிடம் ஒருவர் கேட்கிறார். வானத்தில் இருக்கும் இன்பம் மனித உலகத்தைவிட மிகுந்ததாகவா இருந்துவிடப்போகிறது, மூப்பும் சாவும் வராமல் இருந்தால் போதும், மேலே உயர்ந்த பதவியில் இருப்பவர்கள் ஏராளம், அவர்களுக்கெல்லாம் ஊழியம் செய்வது இங்கிருப்பதைவிடப் பெருந்துன்பம் என்று அவர் விடை சொல்கிறார். வானகமும் ஓர் அரசாங்கம்தான் என்ற எண்ணம் சீனர் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

சியென் ஆக விரும்புகிறவர் மலைக்குத்தான் போக வேண்டும் என்பதில் கே ஹோங்குக்கு ஐயமே இல்லை. மருந்து செய்வதற்கு ஆள் அரவமற்ற இடம் தேவை. அரிய மூலிகையும் தாதுவும் அங்கேதான் கிடைக்கும். நல்ல தெய்வங்களின் துணையும் பெரிய மலைகளில்தான் கிட்டும். சிறிய குன்றுகளை அவர் நம்பவில்லை. அவற்றில் முறையான தெய்வம் இல்லை, மரத்திலும் கல்லிலும் நாள்பட்டு உருவான குறளிகளே இருக்கும் என்று எச்சரிக்கிறார். பெரிய மலைகளும் ஆபத்தற்றவை அல்ல. முறை தெரியாமல் மலையேறிச் செத்தவர்களின் வெள்ளெலும்புகள் ஹுவாஷான் மலையடிவாரத்தில் சிதறிக் கிடக்கின்றன என்று அவர் எழுதியது, புலி, பாம்பு, நோய், வழி தவறுதல் ஆகிய மெய்யான இடர்களை அறிந்த ஒருவரின் சொல்லாகவே படுகிறது.

ஆகவே அவர் தரும் வழிமுறைகள் விரிவானவை. மலை திறந்திருக்கும் மாதங்களான மூன்றாம் மாதத்திலும் ஒன்பதாம் மாதத்திலும், அவற்றிலும் நல்ல நாள் பார்த்தே புறப்பட வேண்டும். தாயத்துகளையும், ஐந்து பெருமலைகளின் உண்மை வடிவத்தைக் காட்டும் வரைபடத்தையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். முதுகில் ஒன்பது அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள வெண்கலக் கண்ணாடி ஒன்றைத் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். நெடுங்காலம் வாழ்ந்த விலங்கு மனித உருவம் எடுத்து வந்து ஏமாற்றலாம், ஆனால் கண்ணாடியில் விழும் உருவத்தை அதனால் மாற்ற முடியாது என்பது அதற்குக் காரணம். ஷு நாட்டின் (இன்றைய சிச்சுவான் பகுதி) யுன்தாய் மலையில் கற்குகை ஒன்றில் இருவர் தியானத்தில் இருந்தபோது, மஞ்சள் பட்டு அங்கியும் நார்த்துணித் தலைப்பாகையும் அணிந்த ஒருவர் வந்து, இப்படி ஒளிந்திருந்து உழைப்பது கடினமாக இருக்கிறதா என்று பரிவோடு விசாரித்தாராம். இருவரும் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார்கள்; அதில் ஒரு மான் தெரிந்தது. நீ இந்த மலையின் கிழட்டு மான்தானே, மனித வேடம் போட உனக்கு எவ்வளவு துணிச்சல் என்று அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் வந்தவர் மானாக மாறி ஓடிவிட்டார்.

மலைகள் மீதான இந்தப் பற்றுதல் தாவோ நெறி ஓர் அமைப்பாக உருவெடுப்பதற்கு முன்பே இருந்தது. நான்கு திசைக்கும் நடுவுக்கும் ஒவ்வொன்றாக ஐந்து பெருமலைகளைச் சீனர் வணங்கிவந்தார்கள். கிழக்கே தாய்ஷான், மேற்கே ஹுவாஷான், நடுவே சோங்ஷான், வடக்கிலும் தெற்கிலும் நம் காதுக்கு ஒன்றாகவே ஒலிக்கும் இரண்டு ஹெங்ஷான்கள். ‘ஷான்’ என்பது மலையையே குறிக்கும். கி.மு. 219 இல் சின் பேரரசர் ஷி ஹுவாங் தாய்ஷான் மீது ஏறி வானத்துக்குச் சடங்கு செய்தார். கிழக்குக் கடலில் பெங்லாய் முதலிய மூன்று மலைத்தீவுகளில் சியென்களும் சாகா மருந்தும் இருப்பதாகக் கேட்டு, ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியருடன் சூ ஃபூ என்பவரைக் கடலில் அனுப்பியவரும் அவரே. மேற்கே குன்லுன் மலையில் மேற்றிசை அரசன்னை என்ற பெண்தெய்வம் ஆட்சி செய்வதாகவும் நம்பிக்கை இருந்தது. இந்தப் பழைய படிவத்தில் சியென்கள் எப்போதும் தொலைவில்தான் இருக்கிறார்கள். கடலுக்கு அப்பாலோ பாலைக்கு அப்பாலோ சென்றால்தான் அவர்களைக் காணலாம்.

குகைவானகம் என்ற கருத்து அந்தத் தொலைவை அழித்துவிட்டது. அதனாலேயே அதை இந்த நெறியின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்றாக நான் கருதுகிறேன். அது விரிவாகப் பேசப்படும் இடம் மாவோஷான். இன்றைய ஜியாங்சு மாநிலத்தில், நான்ஜிங் நகருக்குத் தென்கிழக்கே உள்ள, அவ்வளவாக உயரமில்லாத மலை அது. ஹான் அரசமரபின் காலத்தில் (கி.மு. 206 – கி.பி. 220) மாவோ யிங் என்பவர் அங்கே தங்கிச் சியென் ஆனார் என்றும், பதவியில் இருந்த அவருடைய தம்பியர் இருவரும் வேலையைத் துறந்து அவரிடம் வந்து சேர்ந்தார்கள் என்றும், மூவரின் பெயரிலேயே மலையின் மூன்று சிகரங்கள் வழங்குகின்றன என்றும் மரபு கூறும். 364 முதல் 370 வரை யாங் சி என்பவருக்கு இரவு நேரங்களில் வானகத்தவர் காட்சி தந்து பாடல்களையும் பயிற்சி முறைகளையும் சொல்லித்தந்தார்கள். அவர் அவற்றை எழுதி, தம்மை ஆதரித்த சூ குடும்பத்தாரிடம் கொடுத்தார். அந்த ஏடுகள் சிதறிப்போன பிறகு தாவ் ஹோங்ஜிங் (456–536) என்ற பேரறிஞர் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். கையெழுத்தை ஒப்பிட்டு மூலத்தையும் போலியையும் பிரித்தறிந்து, குறிப்புரையோடு தொகுத்தார். 492 இல் அரசுப் பணியிலிருந்து விலகி அவர் மாவோஷானிலேயே குடியேறினார். மருந்தியலிலும் வல்லவரான அவர், 730 மருந்துப்பொருள்களை விளக்கும் நூல் ஒன்றும் செய்தவர்.

யாங் சியின் ஏடுகளைச் சேர்த்த அந்தத் தொகுப்பில் மாவோஷானின் உட்புறம் நில அளவையாளர் குறித்துவைத்தது போன்ற துல்லியத்தோடு வருணிக்கப்படுகிறது. மலைக்குள் இருக்கும் வெளியின் சுற்றளவு 150 லி, அதாவது ஏறக்குறைய 70 கிலோமீட்டர்; கிழக்கு மேற்காக 45 லி, தெற்கு வடக்காக 35 லி. உள்ளே செல்ல ஐந்து வாயில்கள்: தெற்கில் இரண்டு, கிழக்கிலும் மேற்கிலும் ஒவ்வொன்று, வடக்கில் பெரிய வாயில் ஒன்று. வாயில்களிலிருந்து வளைந்து இறங்கும் கற்படிகள் உண்டு. பகலில் ஒளி தருவதற்குக் கதிரவனின் சாரத்திலிருந்து முளைத்த ஒன்றும், இரவில் ஒளி தருவதற்கு வேறொன்றும் அங்கே இருக்கின்றன. அவற்றின் வெளிச்சம் ஞாயிறு, திங்களின் வெளிச்சத்துக்குக் குறைந்ததன்று. புல்லும் மரமும் நீர்நிலையும் வெளியே இருப்பவை போலவே இருக்கும். பறவைகள் குறுக்கும் நெடுக்கும் பறக்கும். மேகம் திரளும், காற்று வீசும். ஆகவே தற்செயலாக உள்ளே நடந்து வந்துவிட்ட ஒருவர் தாம் குகைக்குள் இருப்பதையே உணராமல், ஊருக்கு வெளியே ஏதோ ஒரு சாலையில் போய்க்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொள்வார் என்கிறது அந்த வருணனை. மாயாஜாலமாக எதையும் சேர்க்காமல், வேறுபாடே தெரியாது என்று சொல்லி நிறுத்தியிருப்பதில்தான் அதன் வலிமை இருக்கிறது.

உள்ளே இருப்பவர்களும் சும்மா இருப்பதில்லை. மாவோ யிங் அங்கே தலைமை அதிகாரி. நல்வினை செய்து இறந்தும் சியென் நிலையை முழுதாக எட்டாத பெண்களுக்கு ஒரு மாளிகையும் ஆண்களுக்கு மற்றொரு மாளிகையும் உண்டு. அங்கே அவர்கள் பயிற்சியைத் தொடர்ந்து, தேறியபின் மேல் பதவிகளுக்குப் போகிறார்கள். இறந்துவிட்ட உற்றாரைப் பற்றி ஏங்கியவர்களுக்கு அவர்கள் பக்கத்து மலைக்குள் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். யாங் சி கொண்டுவந்த செய்திகளில் இத்தகைய குடும்ப விசாரிப்புகள் நிறைய இருக்கின்றன.

மேலும் இந்த உலகங்கள் தனித்தனித் தீவுகள் அல்ல. மாவோஷானின் உள்வெளியிலிருந்து கிழக்கே லின்வூ குகைக்கும், வடக்கே தாய்ஷானுக்கும், மேற்கே ஏமெய் மலைக்கும், தெற்கே லுவோஃபூ மலைக்கும் நிலத்தடியில் பெரும்பாதைகள் செல்கின்றன. லின்வூ என்பது சுசோவ் நகரருகே தாய் ஏரியில் உள்ள ஒரு தீவின் சுண்ணாம்புக்கல் குகை. லுவோஃபூ குவாங்தோங் மாநிலத்தில், கே ஹோங் தம் இறுதிக் காலத்தைக் கழித்த மலை. ஏமெய் சிச்சுவானில் இருக்கிறது. சீனத்தின் நான்கு மூலைகளையும் மண்ணுக்கு அடியில் இணைக்கும் இந்தக் கற்பனை, நாடு வடக்கு தெற்காகப் பிளந்து, வடபகுதி வேற்றரசர் கையில் இருந்த காலத்தில் எழுதப்பட்டது. தாய்ஷானுக்கு நேரில் போக முடியாத தென்னாட்டவர் அதற்கு உள்வழியாகப் பாதை போட்டுவைத்தார்கள் என்று பார்க்கத் தோன்றுகிறது.

யாங் சியின் காலத்திலேயே இத்தகைய குகைவானகங்கள் 36 என்ற கணக்கு இருந்தது. தாங் அரசமரபின் காலத்தில் (618–907) சிமா செங்ஜென் (647–735) என்ற தாவோ ஆசான் அதை விரித்து ஒழுங்குபடுத்தி, பெரிய குகைவானகங்கள் 10, சிறியவை 36, அவற்றுக்கு அடுத்த நிலையில் நற்பேற்று நிலங்கள் 72 என்று பட்டியலிட்டார்; ஒவ்வொன்றையும் ஆளும் சியென் யார் என்பதையும் குறித்தார். 901 இல் து குவாங்திங் என்ற மற்றொரு தாவோ அறிஞர் மீண்டும் ஒரு பட்டியல் செய்தார். பெரியவை பத்தில் முதலிடம் ஹெனான் மாநிலத்தின் வாங்வூ மலைக்கு. சிச்சுவானின் சிங்செங் ஐந்தாவது, லுவோஃபூ ஏழாவது, மாவோஷான் எட்டாவது, லின்வூ ஒன்பதாவது. பழைய ஐந்து பெருமலைகள் சிறியவை 36 இன் வரிசையில்தான் வருகின்றன என்பது கவனிக்கத்தக்கது. அரசு வழிபட்ட மலைகளைவிடத் தாவோ நெறியினர் தாமே கண்டடைந்த மலைகளுக்கு மேலிடம் கிடைத்தது. வாங்வூவின் உட்புறச் சுற்றளவு 10,000 லி என்கிறது பட்டியல். எந்த மலையும் வெளியில் அவ்வளவு பெரிதாக இருக்க முடியாது. உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிடப் பெரிது என்பதை நூல்கள் எந்தத் தயக்கமும் இன்றி, விளக்கமும் தராமல் சொல்லிச் செல்கின்றன.

ஏன் உள்ளே? இதற்கு விடை ‘சி’ என்ற கருத்தில் இருக்கிறது. மூச்சு, ஆவி, உயிராற்றல் எல்லாம் கலந்த பொருள் அது. தொடக்கத்தில் ஒன்றாக இருந்த சி பிரிந்தபோது தெளிந்தது மேலேறி வானமாயிற்று, கலங்கியது கீழிறங்கி மண்ணாயிற்று. அந்த சி உருகி ஓடியவை ஆறுகள், உறைந்து நின்றவை மலைகள். அதில் ஒரு பகுதி மேலே விண்மீன்களோடு பொருந்தியிருக்க, ஒரு பகுதி கீழே குகைவானகங்களாக மறைந்திருக்கிறது என்று து குவாங்திங் விளக்குகிறார். அதாவது மண்ணுக்குள் தங்கிவிட்ட வானத்தின் பகுதியே குகை. சுண்ணாம்புக்கல் குகைக்குள் போனவர்களுக்கு இந்த எண்ணம் தோன்றியதில் வியப்பில்லை. கூரையிலிருந்து சொட்டும் நீரில் கரைந்த சுண்ணாம்பு மெல்ல மெல்லப் படிந்து, விழுதாகத் தொங்கும் கல்லாக வளர்கிறது. சீனர் அதைக் கல் சுரக்கும் பால் என்று கருதினார்கள். அதைப் பொடித்து நீண்ட ஆயுளுக்கான மருந்தாக உண்டார்கள்; தாங் காலத்தில் அது விலையுயர்ந்த மருந்துப்பொருள். மலை உயிருள்ளது, அதன் வயிற்றில் ஏதோ விளைந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அவர்களுக்குக் கண்முன் இருந்த சான்று அதுதான்.

சாதாரண மக்கள் சொல்லிக்கொண்ட கதைகளில் இந்த உலகம் வேறொரு முகத்தைக் காட்டுகிறது. அங்கே காலம் வேறு விதமாக ஓடுகிறது. கி.பி. 62 ஆம் ஆண்டில் லியூ சென், ருவான் ஜாவ் என்ற இருவர் தியந்தாய் மலைக்குப் போய் வழி தவறினார்கள். பசிக்குப் பீச்சுப் பழம் தின்று, ஓடையை ஒட்டி நடந்து, இரண்டு பெண்களைச் சந்தித்து, அவர்களோடு அரையாண்டு வாழ்ந்தார்கள். ஊர் நினைவு வாட்டித் திரும்பி வந்தபோது தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஏழாம் தலைமுறைப் பேரன் ஒருவனைக் கண்டுபிடித்து விசாரித்தால், முன்னோர் ஒருவர் மலைக்குப் போய் வழி தவறி வரவே இல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன் என்கிறான். ஜெஜியாங்கின் வாங் ஜி என்ற விறகுவெட்டியோ மலையில் சிறுவர்கள் பலகையில் காய் வைத்து விளையாடுவதைச் சற்று நேரம் நின்று பார்த்தவன்தான். புறப்படும்போது குனிந்தால் அவன் கோடாலிக் காம்பு உளுத்துக் கொட்டியிருந்தது.

இந்த நம்பிக்கை அரண்மனைக்குள்ளும் நுழைந்தது. 731 இல் சிமா செங்ஜென் பேரரசர் சுவான்சோங்கிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார்: ஐந்து பெருமலைகளிலும் அரசு வழிபடுவது காட்டையும் மலையையும் சார்ந்த தெய்வங்களையே, அம்மலைகளின் குகைகளில் உயர்நிலை எய்திய மெய்யர்கள் வீற்றிருந்து ஆள்கிறார்கள், அவர்களுக்குத் தனியே கோயில் எடுக்க வேண்டும். பேரரசர் ஏற்றுக் கோயில்களைக் கட்டுவித்தார். குகைகளிலும் நீர்நிலைகளிலும் பொன்னால் செய்த சிறு டிராகனையும், வேண்டுதல் எழுதிய தகட்டையும் இடும் சடங்கும் அரசவையில் நடந்துவந்தது. டிராகன் அந்தச் செய்தியை உள்ளுலக அதிகாரிகளிடம் கொண்டுசேர்க்கும்.

அப்படி இடப்பட்ட ஒன்று நம் காலத்தில் கைக்குக் கிடைத்திருக்கிறது. 1982 இல் சோங்ஷான் மலையில் உழவர் ஒருவர் கண்டெடுத்த பொன் தகடு அது. சுமார் 36 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், 63 எழுத்துகள். சீனத்தைத் தம் பெயரிலேயே ஆண்ட ஒரே பெண் பேரரசரான வூ சேத்தியென் 700 ஆம் ஆண்டின் ஏழாம் மாதம் ஏழாம் நாளில் ஹு சாவ் என்ற தூதர் வழியாக அதை இடச்செய்தார். மெய்நெறியையும் நீடுவாழ்வையும் சியென்களையும் விரும்பும் தாம், பாவப் பதிவிலிருந்து தம் பெயரை நீக்குமாறு வானம், நிலம், நீர் ஆகிய மூன்று துறைகளின் அதிகாரிகளை வேண்டுவதாக அதில் எழுதியிருக்கிறது. எழுபது வயதைக் கடந்து, அதிகாரத்துக்காகப் பல உயிர்களைப் பலிகொண்டு, மண்ணுலகில் எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலையில் இல்லாத ஒருவர், மலைக்குள் இருக்கும் அலுவலகத்துக்கு மனுப் போட்டிருக்கிறார். ஹெனான் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தத் தகட்டை வைத்துப் பார்க்கும்போது, குகைவானகத்தை வெறும் புலவர் கற்பனை என்று ஒதுக்க மனம் வருவதில்லை.

பிற்காலத்தில், குறிப்பாக சோங் அரசமரபின் காலத்திலிருந்து (960–1279), மருந்தை உலையில் காய்ச்சுவதைவிட உடம்புக்குள்ளேயே விளைவிக்கும் பயிற்சி மேலோங்கியது. மலையும் அதனோடு உள்ளே வந்துவிட்டது. தலை குன்லுன் மலையாயிற்று. உடலின் நடுவே ஏரியும் ஆறும் அரண்மனையும் அமைந்தன. பெய்ஜிங்கின் வெண்முகிற் கோயிலில் 1886 இல் செதுக்கிய கல் ஒன்று இதை முழுதாகக் காட்டுகிறது. பக்கவாட்டில் அமர்ந்த மனித உடலின் கோட்டுருவம் அது. ஆனால் உடலுறுப்புகளுக்குப் பதிலாக நிலக்காட்சிதான் தெரியும். உச்சந்தலையில் அடுக்கடுக்காகப் பாறைச் சிகரங்கள். அங்கே தாவோ நெறியின் முதலாசானாகப் போற்றப்படும் முதியவர் லாவோட்சு அமர்ந்திருக்கிறார். முதுகெலும்பு மேல்நோக்கிப் பாயும் ஓர் ஆறு. வயிற்றுப் பகுதியில் ஒருவன் எருதுகட்டி உழுகிறான், சற்று மேலே ஒரு பெண் நூற்கிறாள். அடியில் ஒரு சிறுவனும் சிறுமியும் காலால் மிதித்து இறைசக்கரத்தைச் சுழற்றி நீரை மேலே ஏற்றுகிறார்கள். அந்தக் கல்லிலிருந்து மைத்தாளில் ஒற்றியெடுத்த படிகள் இன்றும் பரவலாகக் கிடைக்கின்றன. அதைப் படிக்கத் தொடங்குகிறவர் அந்தச் சக்கரத்திலிருந்து தொடங்கி, நீர் போகும் வழியே முதுகோடு மேலேறிச் சிகரத்தைச் சேர்வதே எளிய முறை.